மூன்றாவது ரைடுக்கு யார் போவது

ஓய்வு பெற்றவனிடம் அனுபவத்தைக் கேட்பது ஆபத்தான காரியம். கேட்டுவிட்டீர்கள், இனி அனுபவியுங்கள்.

விளையாட்டைப் பொருளாதாரக் கண்ணால் ஆராய்வது என் தொழில் என்று சொன்னபோது என் மாமனார் நம்பவே இல்லை. மேட்ச் பார்க்கிறதுக்கு யாராவது சம்பளம் கொடுப்பார்களா என்று கேட்டார். கொடுக்கிறார்கள் என்றேன். அப்படியானால் அந்தக் கம்பெனியைச் சீக்கிரம் மூடிவிடுவார்கள், வேறு வேலை பார்த்து வையுங்கள் என்று அன்போடு சொன்னார். ஓசூரில் ஒரு மாடி அறையில் ஆரம்பித்த இந்த அலுவலகத்தை இன்னும் யாரும் மூடவில்லை. நீங்கள் ஆளுக்கு இரண்டு திரை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறீர்கள். அவர் இருந்திருந்தால் மேட்ச் பார்க்க இரண்டு டிவியா என்றுதான் கேட்டிருப்பார்.

ஊர் நம்புவதை எடுத்து வைத்துக்கொண்டு, அப்படியா, பார்க்கலாம் என்று சொல்வதுதான் நம் வேலை. சொந்த மைதானத்தில் ஆடினால் வீரர்களுக்குத் தெம்பு வருகிறது என்று ஊர் சொல்லும். நாம் நடுவர் பக்கம் திரும்பிப் பார்ப்போம். கூட்டம் போடுகிற சத்தம் அவர் விசிலுக்குள் எவ்வளவு புகுந்திருக்கிறது என்று கேட்போம். கோச்சை மாற்றினதும் அணி தேறிவிட்டது என்று ஊர் சொல்லும். அத்தனை ஆட்டம் வரிசையாகத் தோற்ற அணி, கோச்சை மாற்றாமல் இருந்தாலும் அடுத்து ஓரிரு ஆட்டம் ஜெயித்துத்தான் இருக்கும் என்று நாம் சொல்வோம். இப்படியெல்லாம் பேசுவதால் நம்மை யாரும் கல்யாணத்தில் பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்துக்கொள்வதில்லை. பழகிக்கொள்ளுங்கள்.

கிருஷ்ணகிரி பக்கம் வாரச் சந்தை கூடும் ஊர் ஒன்றில், பெரிய விளையாட்டரங்கம் கட்ட ஆசைப்பட்ட பிரமுகர் ஒருவர் எங்களை அழைத்தார். அரங்கம் வந்தால் டீக்கடை முதல் லாட்ஜ் வரை வியாபாரம் கொழிக்கும் என்று நாங்கள் எழுதித் தர வேண்டும். நாங்கள் கடை கடையாக ஏறி விசாரித்தோம். ஆட்டம் பார்க்க வரப்போகிறவன் வெளிநாட்டுக்காரன் கிடையாது. இத்தனை நாளும் சந்தைக்குப் பக்கத்தில் போண்டா தின்ற அதே ஆள், இனிமேல் அரங்கத்துக்குப் பக்கத்தில் தின்பான். இரண்டு இடத்திலும் தின்ன அவனுக்கு இரண்டு வயிறு இல்லை. இதையே எழுதிக் கொடுத்தோம். பிரமுகர் பொறுமையாகப் படித்துவிட்டு, ரொம்ப நன்றாக வந்திருக்கிறது, அந்த வயிறு விஷயத்தை மட்டும் எடுத்துவிடலாமா என்று கேட்டார். எடுக்கவில்லை. அடுத்த வேலைக்கு அவர் வேறு ஆளைக் கூப்பிட்டுக்கொண்டார்.

இதெல்லாம் சில்லறை. நான் உங்களுக்குச் சொல்ல நினைப்பது இசக்கி என்ற பெண்ணைப் பற்றி.

ஓசூருக்கும் கிருஷ்ணகிரிக்கும் நடுவே, நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே தள்ளி, மின்னணுப் பொருள்கள் செய்யும் தொழிற்சாலை ஒன்று. பெயர் வேண்டாம். வேலை செய்கிறவர்களில் பெரும்பாலோர் இளம்பெண்கள். தெற்கே வெகுதூரத்திலிருந்து வந்து, கம்பெனி ஹாஸ்டலில் தங்கி, கம்பெனி பஸ்ஸில் போய்த் திரும்புகிறவர்கள். அந்தத் தொழிற்சாலைக்குப் பெண்கள் கபடி அணி ஒன்று இருந்தது. சுற்றுவட்டாரக் கம்பெனிகளுக்கு இடையே வருஷா வருஷம் போட்டி நடக்கும். உற்பத்தி இலக்குக்கு அடுத்தபடியாக மேலாளர்களின் தூக்கத்தைக் கெடுப்பது அந்தக் கோப்பைதான்.

இசக்கி தென்காசிப் பக்கத்துப் பெண். ட்ரெய்னியாகச் சேர்ந்தவள். ட்ரெய்னி காலம் முடிந்தால் நிரந்தரம் ஆக்குவார்கள், இல்லையென்றால் நன்றி சொல்லி அனுப்பிவிடுவார்கள். விளையாட்டுக்காரர்களுக்கென்று அந்த வருஷம் ஒரே ஓர் இடம் இருந்தது. அது கிடைக்காவிட்டால் அவள் ஊருக்குத் திரும்பிப் பீடி சுற்ற வேண்டும். வீட்டில் மாப்பிள்ளை வேறு பார்த்து வைத்துவிட்டார்கள். அவன் போட்டோவை அவள் போனில்கூடத் திறந்து பார்க்கவில்லை என்று அறைத்தோழிகள் சொன்னார்கள்.

இடத்தை அவளுக்குக் கொடுப்பதில் மேலாளருக்கு ஒரு தயக்கம். நெருக்கடி வந்தால் இசக்கிக்குக் கை நடுங்கிவிடும் என்று தொழிற்சாலை முழுக்கப் பேச்சு. லைன் சூப்பர்வைசர் சொன்னார், கேன்டீனில் சொன்னார்கள், கபடியே பார்த்திராத பஸ் டிரைவர்கூடச் சொன்னார். மேலாளர் நம்பர் இல்லாமல் காபிகூடக் குடிக்காதவர். பேச்சை நம்பராக்கித் தாருங்கள் என்று எங்களை அழைத்தார்.

கிரிக்கெட்டைத் தவிர எதையும் பார்க்காதவர்கள் உங்களில் நிறையப் பேர் என்று தெரியும். அதனால் ஒரு விதியை மட்டும் சொல்லிவிடுகிறேன். கபடியில் ஓர் அணி அடுத்தடுத்து இரண்டு முறை ரைடு போய், அதாவது எதிரணிப் பக்கம் பாடிப் போய், யாரையும் தொடாமல் வெறுங்கையோடு திரும்பலாம். மூன்றாவது ரைடில் புள்ளி எடுத்தே ஆக வேண்டும். எடுக்காமல் வந்தால் போனவர் அவுட். டிவியில் இதைத்தான் டூ ஆர் டை என்று கத்துகிறார்கள். வந்தவள் தொட்டே தீர வேண்டும் என்பது எதிரணிக்கும் தெரியும். அதனால் ஆற அமரக் காத்திருந்து பிடிப்பார்கள்.

அணியில் இரண்டு பெரிய ரைடர்கள். ஒருத்தி இசக்கி. இன்னொருத்தி சைத்ரா, எல்லையோரக் கிராமத்துக்காரி, வீட்டில் கன்னடம். தொழிற்சாலைக்கு நிலம் கொடுத்த குடும்பம் என்பதால் சேர்ந்த நாளிலிருந்தே நிரந்தரம். வீடியோக்களைப் பார்த்தால் ஊர்ப் பேச்சு பொய்யில்லை என்றுதான் தோன்றியது. சைத்ரா அநேகமாகப் பிடிபடுவதே இல்லை. இசக்கி அடிக்கடி பிடிபட்டாள், அதுவும் ஆட்டம் தொங்கிக்கொண்டிருக்கும் நேரமாகப் பார்த்து.

இசக்கியை ஹாஸ்டல் வரவேற்பறையில் ஒருமுறை பார்த்துப் பேசினேன். என் ஆய்வில்தான் அவள் வேலை இருக்கிறது என்று அவளுக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். கெஞ்சுவாள் என்று எதிர்பார்த்துப் போனேன். அவளோ, எங்களிடம் இருக்கும் வீடியோவிலிருந்து சிலதை அனுப்ப முடியுமா என்று கேட்டாள், அம்மாவுக்குக் காட்ட வேண்டுமாம். "புடிபட்டது வேண்டாம் சார். தொட்டுட்டு வந்தது மட்டும் போதும்" என்றாள். தனக்குச் சாதகமான மாதிரியை மட்டும் பொறுக்குவது ஆய்வாளர்களுக்கு மட்டும் உள்ள புத்தி என்று அதுவரை நினைத்திருந்தேன். அனுப்பி வைத்தேன்.

இனி நம் பிழைப்புக்கு வருவோம். வீடியோவை நாம் எப்படி வெட்டுகிறோம்? ரைடர் நடுக்கோட்டைத் தாண்டும் நொடியில் தொடங்கி, திரும்பி வரும் நொடியில் முடிக்கிறோம். அன்றும் அப்படித்தான். ரைடு என்றால் கோட்டுக்கு அந்தப் பக்கம் நடப்பது, அவ்வளவுதான் என்று நமக்கு நாமே முடிவு செய்துவிட்டோம். வெட்டுகிற வேலையில் இருந்தவர் அன்றைக்குத் தூக்கக் கலக்கத்தில் இருந்திருக்க வேண்டும். ஒரு துண்டை மட்டும் கொஞ்சம் முன்னாலேயே தொடங்கிவிட்டார். அதைத் திட்டிக்கொண்டேதான் பார்த்தேன்.

மூன்றாவது ரைடுக்கு முந்தைய சில நொடிகள் அதில் இருந்தன. கோச் கோட்டுக்கு வெளியே நின்று சைத்ராவைக் கைகாட்டுகிறார். சைத்ரா குனிந்து ஷூ லேஸைக் கட்டுகிறாள். கோச் பார்க்கிறார். அவள் மற்றக் காலுக்கு மாறுகிறாள். கோச் இசக்கி பக்கம் முகத்தைத் திருப்புகிறார். இசக்கி போகிறாள், பிடிபடுகிறாள்.

எல்லாத் துண்டுகளையும் தூக்கிப் போட்டுவிட்டு முதலிலிருந்து வெட்டச் சொன்னேன். அலுவலகத்தில் என்னை எப்படியெல்லாம் ஏசினார்கள் என்பது எனக்குத் தெரியாது என்று அவர்கள் இன்னும் நம்புகிறார்கள். புதுத் துண்டுகளில் ஒரே கதை திரும்பத் திரும்ப வந்தது. எதிரணியில் நல்ல பிடிகாரிகள் எல்லோரும் நிற்கும்போது மூன்றாவது ரைடு வந்தால் சைத்ராவின் லேஸ் அவிழ்ந்துவிடும், கூந்தல் கலைந்துவிடும், கணுக்கால் வலிக்கும். எதிரே இரண்டு மூன்று பேர் மட்டும் மிஞ்சியிருந்தால் கோச் கூப்பிடும் முன்பே போய்விடுவாள். மற்ற நேரங்களில் அவள் போவது முதல் ரைடும் இரண்டாவது ரைடும்தான். அதில் தொடாமல் திரும்பினாலும் யாரும் ஒன்றும் சொல்வதில்லை.

கோச் மாதையன் காவேரிப்பட்டினத்துக்காரர். வயசில் நல்ல ஆட்டக்காரர், இப்போது மாந்தோப்பு வைத்திருக்கிறார். அவரிடம் இந்தத் துண்டுகளைக் காட்டினேன். சங்கடப்படுவார் என்று நினைத்தேன். மாங்காய் விலை சொல்வதுபோல நிதானமாகச் சொன்னார்:

"அவ பர்மனென்ட்டுங்க சார். கால் நோவுதுன்னு சொல்லிட்டா நான் இன்னா பண்ண முடியும்? இந்தப் புள்ள ட்ரெய்னி. போன்னா போயிக்கினே இருக்கும், மறுபேச்சு கெடையாது."

அப்படியானால் இசக்கிக்குக் கை நடுங்குகிறது என்று நீங்களும் சொன்னீர்களே என்றேன். பிடிபட்டுக்கொண்டே இருந்தால் வேறென்ன சொல்வது என்று கேட்டார். அவர் கெட்டவர் இல்லை. அவர் அனுப்பித்தான் அவள் போகிறாள், போய்ப் பிடிபடுகிறாள். இந்த மூன்றையும் அவர் ஒன்றாக வைத்துப் பார்த்ததில்லை. எனக்குக் கோபம் வந்தது. அவர் மேல் பாதி, வெட்டி எறிந்த அந்த நொடிகளுக்காக எங்கள் மேல் பாதி.

ஒருவர் எத்தனை முறை தோற்றார் என்று எண்ணும் முன், அவர் கையில் எதைக் கொடுத்தார்கள் என்று பாருங்கள். இதுதான் நான் சொல்ல வந்த பாடம். ஆனால் பாடம் தெரிந்தவனுக்கெல்லாம் அதை விற்கத் தெரிந்துவிடாது.

சைத்ரா கடினமான ரைடுக்குப் போனதே அபூர்வம் என்பதால் இரண்டு பேரையும் நேருக்கு நேர் ஒப்பிட வழியில்லை. அதனால் மற்றக் கம்பெனி அணிகளின் ரைடர்களை எடுத்தோம். இசக்கியை அனுப்பிய அதே மாதிரி இக்கட்டில் அவர்கள் எப்படி ஆடினார்கள் என்று பார்த்தோம். அவர்களும் இவளைப் போலவே பிடிபட்டிருந்தார்கள். நெருக்கடியில் ஜொலிப்பவள், நெருக்கடியில் நடுங்குபவள் என்று தனித்தனிப் பிறவிகள் இருப்பதாக எங்களுக்குத் தெரியவில்லை என்று அறிக்கையை முடித்தோம்.

அதைச் சொல்லப் போன அன்று மேலாளர் அறைக்கு வெளியே வெகுநேரம் காத்திருந்தேன். உள்ளே அவர் பெங்களூர் தலைமை அலுவலகத்தோடு போனில் சண்டை போட்டுக்கொண்டிருந்தார். கண்ணாடிக் கதவு சத்தத்தைத் தடுக்கும் என்று கட்டியவர்கள் நம்பியிருக்கிறார்கள். அவர் தொழிற்சாலையில்தான் தரத்தில் தேறாத கழிவு அதிகம் என்று அங்கிருந்து யாரோ சொல்கிறார்கள், இவர் காரணம் சொல்கிறார், அவர்கள் கேட்கவில்லை. ஒருவழியாக என்னை உள்ளே அழைத்தபோது அவர் காது சிவந்திருந்தது.

நான் வரைபடங்களைக் காட்டினேன். விளக்கினேன். லேஸ் கட்டுவதை ஓட்டிக் காட்டினேன். அவர் கடிகாரத்தைப் பார்த்தார். ஷிப்ட் மாறும் நேரம். இசக்கியின் பெயரை நீக்கிவிட்டு அந்த இடத்தை வாலிபால் அணிப் பெண் ஒருத்திக்குக் கொடுக்கும் தாள் மேஜையிலேயே கையெழுத்துக்குக் காத்திருந்தது.

"நீங்க சொல்றது புரியுது சார். ஆனா ரிசல்ட் ரிசல்ட்தான். காரணம் யாரு வேணா சொல்லலாம்" என்றார்.

இந்த இடத்தில் நீங்களாக இருந்தால் இன்னொரு படம் போட்டிருப்பீர்கள். என்னிடமும் இருந்தது, இன்னும் அழகான வண்ணத்தில். போடவில்லை. மடிக்கணினியை மூடினேன். வெளியே உட்கார்ந்திருந்தபோது நீங்கள் பேசியது காதில் விழுந்தது, மன்னிக்க வேண்டும் என்றேன். உங்கள் தொழிற்சாலையில் ஏன் கழிவு அதிகம் என்று கேட்டேன்.

அவ்வளவுதான். ஷிப்ட் சைரன் ஒலித்து அடங்கியது, அவர் நிறுத்தவில்லை. "புது மாடல் பூரா எனக்குத்தான் சார் வருது. தடுமாறித் தடுமாறி நாங்க செட் பண்ணி முடிப்போம். முடிச்சதும் தூக்கி எங்களோட இன்னொரு ப்ளான்ட்டுக்குக் குடுத்துருவாங்க. அப்புறம் ரெண்டு ப்ளான்ட் ரிஜெக்‌ஷனையும் பக்கத்துல பக்கத்துல போட்டுக் காட்டுவாங்க. முடியாதுன்னு நான் சொன்னதில்ல பாருங்க, அதான்."

"இசக்கியும் சொன்னதில்லை சார்" என்றேன்.

 அவர் மேஜையில் இருந்த தாளைக் கிழித்தார். இசக்கி நிரந்தரம் ஆனாள். எனக்கு அன்று வந்த சந்தோஷத்தை மறைக்கப் போவதில்லை. திரும்பும் வழியில் காரை நிறுத்தி, யாருக்கென்று இல்லாமல் ஒரு கூடை மாம்பழம் வாங்கினேன். எங்கள் ஆய்வின் ஒரு வரியைக்கூட அவர் ஏற்றுக்கொள்ளவில்லை என்பது வேறு விஷயம். தன் சொந்த வயிற்றெரிச்சலைத்தான் அவர் ஏற்றுக்கொண்டார்.

ஏற்றுக்கொள்ளவில்லை என்பது ஆண்டு விழாவில் உறுதியானது. மேடையில் இசக்கிக்குச் சால்வை போர்த்தினார்கள். பின்னால் பெரிய பேனரில் அவள் படம், கீழே 'நெருக்கடி நாயகி' என்று எழுத்து. நெருக்கடியில் ஜொலிப்பதற்கென்றே பிறந்தவர் இவர் என்று பொருளாதார நிபுணர்கள் ஆராய்ந்து சொல்லியிருக்கிறார்கள் என மேலாளர் மைக்கில் முழங்கினார். நிபுணர் முன்வரிசையில் உட்கார்ந்து கைதட்டினார். அந்தப் பிறவியே இல்லை என்று எழுதியவன் நான்தான். எழுந்து நின்று திருத்தினால் சால்வையைத் திரும்ப வாங்கிவிடுவார்களோ என்று பயமாக இருந்தது. எப்போது வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்பதும் இந்தத் தொழிலில் தெரிந்திருக்க வேண்டும்.

அடுத்த போட்டிக்கு மேலாளர் என்னைத் தன் பக்கத்திலேயே உட்கார வைத்தார். அரையிறுதி ஆட்டம். முடியும் நேரத்தில் இரண்டு அணியும் சமம். எங்கள் பக்கம் இரண்டு ரைடு வெறுங்கையாகத் திரும்பியாயிற்று. எதிரே ஆள் குறையவில்லை. மேலாளர் என் தொடையைத் தட்டி, இப்போது பாருங்கள் நம் நாயகியை என்றார்.

மாதையன் இசக்கியைக் கைகாட்டினார். இசக்கி தலையை ஆட்டினாள். அவருக்குப் புரியவில்லை, மறுபடியும் கைகாட்டினார். "நான் போவல சார்" என்று அவள் சொன்னது முன்வரிசை வரை கேட்டது. லேஸ் கட்டவில்லை, கால் வலிக்கிறது என்று சொல்லவில்லை, நின்ற இடத்தில் நிமிர்ந்து நின்றாள். மாதையன் கை பழக்கதோஷத்தில் வளர்மதி பக்கம் திரும்பியது. வளர்மதி அரியலூர்ப் பக்கத்திலிருந்து வந்த புது ட்ரெய்னி. அந்தப் பெண் ஒரு வார்த்தை பேசாமல் நடுக்கோட்டை நோக்கி நடக்க ஆரம்பித்தாள். இசக்கி எட்டி அவள் முழங்கையைப் பிடித்தாள்.

"அவளும் போமாட்டா சார்."

நடுவர் கடிகாரத்தைப் பார்த்தார்.  மிச்சம் இருந்த ரைடர் ஒருத்திதான். சைத்ரா கன்னடத்தில் ஏதோ சொன்னாள். எனக்குக் கன்னடம் தெரியும், அதை இங்கே எழுத முடியாது. சொல்லிவிட்டு விடுவிடுவென்று போனாள். நன்றாகத்தான் ஆடினாள். மூலையில் நின்றவளைத் தொடப் போய்க் கால் சிக்கிக்கொண்டது, நான்கு பேர் சேர்ந்து அமுக்கிவிட்டார்கள். நாங்கள் தோற்றோம்.

 மேலாளர் என் பக்கம் சாய்ந்து, சைத்ராவுக்கு நெருக்கடி தாங்காது போலிருக்கிறதே, ஓர் ஆய்வு செய்து பார்த்துவிடலாமா என்று கேட்டார். நான் ஓய்வு பெறப் போவதை அவரிடம்தான் முதன்முதலில் சொன்னேன்.

கூட்டம் கலைந்த பிறகு தண்ணீர்த் தொட்டி அருகே இசக்கியைப் பார்த்தேன். முழங்கை மண்ணைக் கழுவிக்கொண்டிருந்தாள். பேனரெல்லாம் போட்டார்களே, ஒரு ரைடு போயிருக்கலாமே என்று சும்மா சீண்டினேன். அவள் சிரிக்கவில்லை.

"முந்தி எல்லாரும் சொன்னாவ சார், எனக்குப் பயம்னு. பயந்தான். எதுக்க நிக்கிறவளுவளப் பாத்து இல்ல. போமாட்டேன்னு கோச் சார்ட்ட சொல்லத்தான் பயம்."

ஹாஸ்டல் பஸ் ஹாரன் அடித்தது. வளர்மதியைக் கூப்பிட்டுக்கொண்டு ஓடினாள்.